தந்தியில் இருந்த கிணறு

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஒற்று விட்டுப்போயிருக்கும், முன்னே சொல்ல வேண்டியது பின்னே வந்திருக்கும். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு தேறியதுதான் என் படிப்பு. அதற்குமேல் ஃபர்ஸ்ட் ஃபாரத்தில், இப்போது ஆறாம் வகுப்பு என்கிறார்களே அதில், ஆறேழு மாதம் உட்கார்ந்தேன். அதைப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. ஆனால் எழுத வந்தது அந்த ஆறேழு மாதத்தைப் பற்றித்தான்.

ஜெர்மன்காரன் சண்டை நடந்த வருடங்கள் அவை. அரூரில் எங்கள் வகுப்பில் முப்பது பையன்கள் இருந்தால், பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். இங்கிலீஷ் வாத்தியார் தெற்கத்திக்காரர். நாங்கள் ‘வூடு’ என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். ரீடரில் ஒரு பத்தி வாசிப்பார், புத்தகத்தை மூடுவார், உடனே கேட்பார்: “இதை யார் சொல்றாங்க? யார்கிட்ட சொல்றாங்க? ஏன் சொல்றாங்க?” எந்தப் பாடமானாலும் இந்த மூன்றும்தான். அர்த்தம் ஒப்பித்தால் அவருக்குப் பிடிக்காது.

ஒரு பாடத்தில் வழிப்போக்கன் ஒருவன் ஒரு குடியானவனிடம் “உன் நாய் எவ்வளவு அருமையான நாய்” என்பான். ஏன் சொல்கிறான் என்று கேட்டார்.

“நாய் நல்ல நாய்ங்க சார்” என்றான் முன் பெஞ்சுப் பையன்.

“நாயை விடுடா. அவன் எதுக்கு வாயைத் தொறந்தான்?”

“அவனுக்கு அந்த நாய் வேணுமுங்க சார்” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வாத்தியாருக்கு அன்று முழுவதும் சந்தோஷம். அந்தப் பதில் எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எழுந்து நின்று சொல்ல வெட்கம். பதில் தெரிந்த நாளில்தான் இன்னும் குனிந்து உட்காருவேன். வீட்டில் தனியாகச் சொற்களை உருப்போடுவேன். வெல் என்றால் கிணறு. ராட்டினமும் கயிறுமாகப் படம் போட்டிருந்தது. சைல்ட் என்றால் குழந்தை. கம் என்றால் வா.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷனுக்குக் கோலார் தங்கவயலில் வேலை. மூன்று வயதுப் பெரிய பையனை மாமியார் அனுப்பவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டாள். பையனுக்குக் காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை என்று புருஷனிடமிருந்து கடுதாசி வந்ததிலிருந்து அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒன்பதாம் மாதம். போகிறேன் என்றாள், ஒருவரும் விடவில்லை.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவு என்றுதான் அப்போது எங்களுக்குத் தெரியும். சைக்கிளில் வந்தவரிடம் அக்காவின் அம்மா, “என்னான்னு நீங்களே சொல்லுங்க சாமி” என்றாள்.

“குடுக்கத்தான் தெரியும் எனக்கு. படிக்கத் தெரிஞ்சா ஆபீசுல உக்காந்திருக்க மாட்டனா?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

“எதுத்தாப்புல இங்கிலீசு படிக்கிற புள்ள இருக்குதே!” என்று யாரோ சொல்ல, என்னைச் சோற்றுக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். பென்சிலில் பெரிய எழுத்தாக எழுதியிருந்தது. சைல்ட் வெல் நீட் நாட் கம். ஐந்தே சொல். அதில் நீட் மட்டும் எனக்குத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு பேர் என் வாயையே பார்த்தார்கள். அதற்குமுன் என் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“சொல்லு கண்ணு” என்றாள் அக்கா.

“கொழந்த. கெணறு. வர வேண்டாம்.”

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘வர வேண்டாம்’ என்று சொல்லும்போதே எனக்கு எங்கோ இடறியது. சாவென்றால் வரச் சொல்ல மாட்டார்களா என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். ஆனால் சத்தமாகச் சொல்லியாகிவிட்டது. தெரியவில்லை என்று திருப்பிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.  அவள் அலறியபோது நான் கை கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தெருமுனை திரும்பிய பிறகும் ஒப்பாரி காதில் விழுந்தது. பையனின் அரைஞாணைச் சொல்லி, அவன் கேட்ட பொரியுருண்டையைச் சொல்லி அழுதாள். செத்தவர்களுக்குச் சொல்வதில் ஒன்றையும் அவள் விடவில்லை.

மத்தியான முதல் பீரியடே இங்கிலீஷ். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். எங்கள் தெருப் பையன் ஒருவன் முந்திக்கொண்டான். “இவங்க எதுத்த வூட்டுக் கொழந்த கெணத்துல வுழுந்துடுச்சுங்க சார். தந்தியை இதுதாங்க சார் படிச்சுச்சு.”

“என்ன எழுதியிருந்தது? சொல்லும்மா.”

ஐந்து சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் போர்டில் எழுதினார்.  அவருக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். என்றாலும் வாத்தியார் புத்தி போகவில்லை. வகுப்பைப் பார்த்து, “யார் சொல்றாங்க?” என்றார்.

“அப்பங்காரன், சார்.”

“யாருக்கு?”

“புள்ளையோட ஆத்தாளுக்குங்க சார்.”

“ஏன் சொல்றாரு?”

நாயைப் பற்றிச் சொன்ன அதே பையன் மெதுவாக எழுந்தான். “செத்திருந்தா வான்னுதானுங்க சார் சொல்லுவாங்க. வராதங்கறதுன்னா… நல்லா இருக்குதுன்னுதானே, சார்?”

வாத்தியார் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே இறங்கினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் நடந்ததற்கு நான் ஓட வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது அக்காவின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, சுற்றிலும் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வாசலில் நின்றே சொன்னார்: “குழந்தை சுகமா இருக்கு. வர வேண்டாம்னு எழுதியிருக்கார். அழாதீங்கம்மா.”

அழுகை நின்றது. பிறகு அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையைவிடப் பயமாக இருந்தது. ஒருத்தி, “பொய்ச்சாவு வந்தா ஆயுசு கெட்டி, விடு” என்றாள். இன்னொருத்தி தாழ்ந்த குரலில், “உசுரோட இருக்கற புள்ளைக்கு ஒப்பாரி வெச்சுட்டமேடி” என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து பையன்களுக்கு நான் ‘கெணறு’. “ஏ கெணறு, தண்ணி இருக்குதா?” என்பான் ஒருவன். “நீட் நாட் கம்!” என்பான் இன்னொருவன். வாத்தியார் என்னிடம், “தப்பு என்மேலதாம்மா, வெல்லுன்னா சுகம்னும் ஒரு அர்த்தம் இருக்குன்னு நான் சொல்லித் தரலை” என்றார்.  இரண்டு மாதத்தில் பெரியவளானேன். படிப்பு நின்றது.

அக்கா இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக்கொண்டு கோலாருக்குப் போனாள். அடுத்த வருடம் ஆடிக்குமுன் அவள் தாய்வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. தமிழில்தான். இந்த முறை வாசிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை, தபால்காரரே வாசித்தார். பெரிய பையன் தவறிவிட்டான், வேறு ஒன்றும் எழுதும் நிலையில் இல்லை என்று இருந்தது.

ஆறு மாதம் கழித்து அக்கா வந்தாள். தண்ணீர்க் குடத்தோடு வழியில் என்னைப் பார்த்து நின்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

“கண்ணு, அன்னைக்கு நீ தப்பாப் படிச்சியா? இல்ல, முன்னாலயே படிச்சுட்டியா?”

குடத்திலிருந்து தண்ணீர் அவள் தோளில் வழிந்தது.  அவளே போய்விட்டாள்.

அதன்பின் யாருக்கும் ஒரு கடுதாசி படித்துச் சொன்னதில்லை. என் பிள்ளைகளின் கடுதாசிகளைக்கூடத் தனியாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன்.

இங்கிலீஷ் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று வாத்தியார் ஓடி வந்து சொன்னார். தவறிவிட்டான் என்பதும் அப்படித்தானே இருக்கிறது? செத்தான் என்றாலும் தவறிவிட்டான், கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தாலும் தவறிவிட்டான். காய்ச்சல் திரும்பி வந்தது என்று அந்தத் தெருவில் சொன்னார்கள். வேறுவிதமாகவும் ஒருத்தி ஆரம்பித்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அக்காவிடம் கேட்க ஒரு வார்த்தை போதும். அவள் இருந்த வரைக்கும் என்னால் முடியவில்லை.

வருடங்களை நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பையனுக்கு மூன்று வயதா நான்கா என்பதும் நிச்சயமில்லை. தங்கவயல் பக்கம் அந்தக் காலத்து மனிதர்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பிள்ளை காய்ச்சலில்தான் போனானா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். ஒரே அர்த்தம் உள்ள சொல்லாக எழுதுங்கள்.