சவுக்குத் தோப்புக்கு ஏற்ற ஜி.பி.எஸ்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு. அதற்குள் எங்கோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். மாமல்லபுரம் பார்க்க வந்தவர். போனதும் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஓர் இணையதளத்தில் போட்டார். யார் வேண்டுமானாலும் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடலாம். கிடைத்தால் டப்பாவில் இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு வேறொன்றை வைத்துவிட்டு வரலாம். இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைப் படித்தேன். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் இதற்காகக் காடு மேடெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கடற்கரையில் இருந்தது இந்த ஒரே டப்பா. அதை இதுவரை யாரும் எடுக்கவில்லை.

முதலில் கண்டுபிடிப்பவர் பெயர் அந்தப் பக்கத்தில் கடைசிவரை இருக்கும். அது என் பெயராக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அப்போது எனக்கு நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை, வீடு செங்கல்பட்டில். வாழ்க்கையில் வேறு எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை.

கருவி இல்லாமலே இரண்டு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்த் தேடினேன். சவுக்குத் தோப்பில் எல்லா மரமும் ஒன்று போலத்தான் இருக்கும். காலடியில் ஊசி ஊசியாய் உதிர்ந்த சருகு மெத்தை. டப்பா என்ன, ஒரு மாட்டையே அதற்குள் மறைத்து வைக்கலாம். வெறும் கையோடு திரும்பினேன். கருவி வாங்காமல் ஆகாது.

ஊரில் கிடைக்கிற பொருள் என்றால் கடைக்குப் போய் நான்கைப் பார்த்து ஒன்றை வாங்கலாம். இது அப்படியில்லை. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வழியே கிடையாது. படித்துத்தான் பிடிக்க வேண்டும். படித்தேன். மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தானாம், விலையும் குறைவு. ஆனால் அதன் ரிசீவர் பழைய வகை, மரத்தடியில் நின்றால் சாட்டிலைட்டைத் தவறவிட்டுவிடும். வெட்டவெளியில் தேடுகிறவர்களுக்குச் சரி, எனக்கு வேண்டியது தோப்பு. இன்னொன்று கலர் திரையும் உள்ளேயே வரைபடமும் கொண்டது. எந்த ஊர் வரைபடம்? அமெரிக்காவின் சந்துபொந்தெல்லாம் அதில் இருக்கும். நம் கடற்கரை என்றால் வெறும் வெள்ளை. இல்லாத வரைபடத்துக்குக் கலர் எதற்கு? மூன்றாவதில் எலெக்ட்ரானிக் திசைகாட்டியும் உயரமானியும் இருந்தன. கடல் மட்டத்தில் உயரமானியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான்காவது, சாம்பல் நிறத்தில் சின்னது. கறுப்பு வெள்ளைத் திரை, உச்சி வெயிலிலும் எழுத்து தெரியும். பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் போதும். புது வகை ரிசீவர் என்பதால் இலைக்கடியில் நின்றாலும் சாட்டிலைட்டை விடாது. அமெரிக்க இணையதளங்களில் யாரும் எழுதாத இன்னொரு தகுதியும் அதற்கு இருந்தது. பார்ப்பதற்குப் பழைய செல்போன் போலவே இருக்கும். தோப்புக்குப் பக்கத்திலேயே அணுமின் நிலையம். மஞ்சளாக, ஆன்டெனா துருத்திக்கொண்டு எதையாவது வானத்துக்குக் காட்டியபடி நான் அங்கே நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் நின்றால் டூரிஸ்ட். என் நிறத்தில், என் சட்டையில் ஒருவன் நின்றால் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டுத்தான் பெயரையே கேட்பார்கள்.

இதையெல்லாம் ஒரு நீண்ட மெயிலாக எழுதினேன். எந்தக் கருவி, ஏன் அது, மற்றவை ஏன் வேண்டாம், டப்பா எங்கே இருக்கிறது, தோப்புக்குள் ரிசீவர் ஏன் முக்கியம் என்று ஒன்றுவிடாமல். அனுப்பியது என் நண்பனுக்கு. செங்கல்பட்டில் ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே ஆபீஸ், ஒரே டீம், காலையில் ஒரே கம்பெனி பஸ். அவனுக்குத்தான் முதலில் ஆன்சைட் வாய்ப்பு வந்திருந்தது. ஆறு மாதம் அமெரிக்கா.

ஆன்சைட் போகிறவன் பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை என்பது எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம். ஒருவருக்கு லேப்டாப், ஒருவருக்கு சென்ட், எல்லோருக்கும் சாக்லேட். திரும்பி வரும்போது அவன் துணி ஒரு ஓரமாக இருக்கும். அந்தப் பெட்டியில் ஓர் உள்ளங்கையளவு இடம் கேட்டேன்.

"மச்சான், மாடல் பேரு மட்டும் மாறக் கூடாதுடா. ஒரு எழுத்து மாறினாலும் வேற மெஷின்" என்றேன்.

"இன்னாடா நீ, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துகினு கீற! மெயில் அனுப்பிட்ட இல்ல? வுடு. வாங்கிகினு வரேன்."

அந்த ஆறு மாதமும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கருவியின் கையேட்டை இறக்கி, ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து, பஸ்ஸில் படித்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் வரும், எங்கே எண் போடுவது, எங்கே அமைப்பை மாற்றுவது எல்லாம் மனப்பாடம். தொட்டே பார்க்காத கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு என்னால் இயக்க முடியும் என்ற நிலை வந்தது. இடையிடையே டப்பாவின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். யாரும் எடுக்கவில்லை என்று இருக்கும். நிம்மதியாக மூடுவேன்.

திரும்பி வந்த நண்பன் என் வீட்டுக்கே வந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தான். பெட்டியின் கனத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்தது காரில் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ஜி.பி.எஸ். கருவி. ரப்பர் உறிஞ்சியும் சிகரெட் லைட்டரில் செருகுகிற ஒயரும் கூட வந்திருந்தன.

"இது பேசுதுடா மச்சான்! லெஃப்ட்ல திரும்பு, ரைட்ல திரும்புன்னு ஒரு பொம்பள சொல்லிகினே வரா. கேட்டியா, செம வாய்ஸ்."

"எங்க வூட்ல காரு கீதாடா?"

"வாங்கப் போற இல்ல?"

"நான் சொன்னது எங்க?"

அவன் என் அம்மா கொண்டுவந்த காபியை ஊதிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே போனதும் சொன்னான்.

"கடையில ஒண்ணுதான்டா கீது... இருந்துச்சு. அது மேனேஜருக்குப் பூடுச்சு."

எங்கள் மேனேஜர் இடையில் அவனிடம் மெயிலில் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு லீவில் வெளியே ஏதாவது புதுசாகச் செய்ய வேண்டும், ஜி.பி.எஸ். மாதிரி ஏதாவது வாங்கி வரலாமா, எது நல்லது என்று. இவன் என் மெயிலை அப்படியே அனுப்பிவிட்டான். அனுப்புவதற்கு முன் மேலே இருந்த 'மச்சான்' என்ற வார்த்தையை எடுத்திருக்கிறான், கீழே இருந்த என் பெயரையும்.

"பிரமாதமா அனலைஸ் பண்ணியிருக்கன்னு சொன்னாருடா. நான் இன்னா சொல்றது? அடுத்த ஆன்சைட் ட்ரிப்பு லிஸ்ட்டு அப்போதான் ரெடியாகுது. நீயே யோசிச்சுப் பாரு."

"மெயில்ல டப்பா எங்க கீதுன்னும் போட்டிருந்தேனே."

"ஆமா, அதுவும் போச்சு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. உடனே காரில் ஒட்டும் கருவியைக் காட்டி, "இது உனக்கு என் கிஃப்ட்டுடா, நைனா" என்றான்.

அந்த வாரம் முழுக்க அந்தக் கருவியோடு மல்லுக்கட்டினேன். திரையில் ஒரு வெள்ளைப் பரப்பு, நடுவில் ஒரு கார் படம். சாலை கிடையாது, ஊர் கிடையாது. பேசுகிற பெண் வாயே திறக்கவில்லை. எண்களைப் போட்டுத் தேட முடிந்தது. ஆனால் பேட்டரி செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போவதற்குள் படுத்துவிட்டது. சரி, கருவியை அணைத்து வைத்து எடுத்துப் போவோம், தோப்பில் போய்த் திறப்போம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டேன். சனிக்கிழமை இரவே பைக்குக்குப் பெட்ரோலும் போட்டு வைத்தேன்.

ஞாயிறு காலை ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேனேஜர். ஆபீஸில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு மட்டும் அவரைக் கண்டால் வாயில் சார்தான் வரும்.

"உன் ஃப்ரெண்டுதான்பா நம்பர் கொடுத்தான். அவன் ஏதோ கல்யாணத்துல இருக்கானாம். உனக்கு இந்த மெஷின் பத்திக் கொஞ்சம் தெரியும்னு சொன்னான். நாங்க ஃபேமிலியோட முட்டுக்காட்டுல போட்டிங் முடிச்சுட்டு அப்படியே சட்ராஸ் கோட்டைக்கு வந்துட்டோம். இங்க ஒரு பாக்ஸ் இருக்கு. ஆனா மெஷின் கடலுக்குள்ள காட்டுதுப்பா."

ஒரு கால் ஷூவோடு நான் எழுந்து நின்றேன்.

"எவ்ளோ தூரம் காட்டுது சார்?"

"அரை கிலோமீட்டர். நேரா தண்ணிக்குள்ள. மீன்காரன் எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று சிரித்தார். பின்னால் ஒரு பையன், "அப்பா, போலாம்ப்பா, போர் அடிக்குது" என்று சிணுங்குவதும் கேட்டது.

என்ன தப்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இணையதளத்தில் கொடுத்திருப்பது கலையும், அதாவது மினிட்டும், அதன் தசமப் பகுதியும். அவர் கருவியை விகலைக்கு, அதாவது செகண்டுக்கு, மாற்றி வைத்துக்கொண்டு அதே எண்களைப் போட்டிருக்கிறார். வேறு எதுவும் இல்லை. ஓர் அமைப்பு, மூன்று பொத்தான்.

தெரியவில்லை சார் என்று சொல்லியிருந்தால் போதும். பையன் அழுதுகொண்டிருந்தான், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பத்து நிமிடத்தில் அவர்கள் கிளம்பியிருப்பார்கள். நான் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். இதை எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் சம்பள உயர்வுக்கான அப்ரைசல் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நொடியில் அதுகூட முன்னால் வரவில்லை. தப்பான செட்டிங் ஒன்றைக் கேட்டுவிட்டுத் திருத்தாமல் இருக்க எனக்குக் கைவரவில்லை, அவ்வளவுதான்.

"மெனு பட்டனை ரெண்டு தடவ அழுத்துங்க சார்."

"ஆச்சு."

"செட்டப்னு ஒண்ணு தெரியுதா? அதுக்குள்ள போய் யூனிட்ஸ். மேல இருக்கிறது பொசிஷன் ஃபார்மேட். அத மாத்துங்க. ஆங்... முதல்ல இருக்கிறது இல்ல சார், ரெண்டாவது. இப்ப நம்பரை மறுபடி போடுங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். எங்கேயும் தடங்கவில்லை. பிறகு, "அட, இப்ப தோப்புக்குள்ள காட்டுதுப்பா!" என்றார். உள்ளே நடந்தார். மரத்தடிக்கு வந்தால் சிக்னல் போகுமே என்று அவரே சந்தேகப்பட்டார்.

"போகாது சார். புது ரிசீவர்."

போகவில்லை. சருகு மிதிபடும் சத்தம், அவர் தூரத்தை வாய்விட்டுப் படிக்கும் சத்தம். பிறகு பையன் கத்தினான்: "அப்பா! டப்பா! டப்பா!" போன் கட்டாகிவிட்டது. அவசரத்தில் கை பட்டிருக்கும். அவர் திரும்ப அழைக்கவில்லை.

திங்கட்கிழமை டீமுக்கு மெயில் வந்தது. படத்தில் மேனேஜர், மனைவி, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பையன். கடற்கரையின் முதல் ஜியோகேச்சை நம் டீம் கண்டுபிடித்தது, மெஷினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நண்பனுக்கு விசேஷ நன்றி என்று எழுதியிருந்தார். டப்பாவில் இருந்த வெளிநாட்டு நாணயத்தைப் பையன் எடுத்துக்கொண்டானாம். பதிலுக்குத் தன் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வந்தாராம்.

மறுநாள் காலை பஸ்ஸில் நண்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கோவமாடா? ஒரு டப்பாடா அது. டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு டப்பா. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்காத."

"அப்ப நீ போய்ச் சொல்லு, மெயில் நான் எழுதினதுன்னு."

"இப்பப் போய் எப்டிரா சொல்றது?"

கேளம்பாக்கம் வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான், அல்லது தூங்குவது போல் இருந்தான்.

அந்த இணையதளத்தில் இரண்டு வகையாகப் பதியலாம். கண்டுபிடித்தேன் என்று ஒன்று. தேடினேன், கிடைக்கவில்லை என்று இன்னொன்று. அன்று மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து, மேனேஜரின் பதிவுக்கு மேலே, இரண்டாவது வகையில் என் பெயரைப் பதிந்தேன். இரண்டு முறை தேடினேன், கிடைக்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் மேனேஜர் என் இடத்துக்கே வந்தார். கழுத்துப் பட்டையில் ஐ.டி. கார்டுக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் கருவியும் தொங்கியது. அதை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை. படத்தில் இருந்ததைவிடச் சின்னது.

"வெப்சைட்ல பார்த்தேன்பா. நீயும் இதுல இருக்கியா? சொல்லவேயில்ல! கிடைக்கலன்னு போட்டிருக்க. பாக்ஸ் அங்கதான்பா இருக்கு. எனக்கும் முதல்ல கொஞ்சம் செட்டிங் தகராறு இருந்துச்சு. அப்புறம் சரி பண்ணிட்டேன்."

"அப்படியா சார்."

"ஈஸிதான். நான் வழி சொல்றேன், நோட் பண்ணிக்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நண்பன் டைப் செய்வதை நிறுத்தினான். தலை மட்டும் திரும்பவில்லை. மேனேஜர் என் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கோட்டையை ஒரு சதுரமாக வரைந்தார். வாசலை ஒரு கோடாகப் போட்டார். "இங்கேர்ந்து சவுத்ல போ" என்று தொடங்கினார்.