மீற்றர் ஓடாத வீடுகள்

துருவேறிய ஆமைப்பூட்டுக்குள் திறப்பு முறுகும் சத்தம். எங்கே கேட்டாலும் எங்கள் ஒழுங்கைதான் நினைவில் வந்து நிற்கிறது. உரும்பிராயில், பாதி வீடுகளில் ஆளில்லாத ஒழுங்கை. சொந்தக்காரர்கள் கனடாவில், லண்டனில், பாரிஸில். திறப்புகள் என் வீட்டு ஆணியில்.

எதிர்வீட்டுத் தங்கச்சி கொழும்புக் காப்புறுதி நிறுவனமொன்றுக்காக வீட்டிலிருந்தே தொலைபேசியில் பதில் சொல்பவள். பக்கவாதத்தில் படுத்த தகப்பனைப் புரட்டிவிட்டு ஓடிவந்து கணினிக்கு முன் இருப்பாள். "சொல்லுங்கோ ஐயா... ஐயா, கேக்குதோ?" மதில் தாண்டி அவள் குரல் வரும். பிறகு ஒன்றுமில்லை. இங்கே சமிக்ஞை நினைத்தால் வரும், நினைத்தால் போகும். நல்ல இணைப்பு எடு, இல்லையேல் கொழும்புக்கு வந்து வேலை செய் என்றது நிறுவனம்.

ஃபைபர் கேபிள் பிரதான வீதியோடு நின்றிருந்தது. அரச அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன்.

"அடுத்த பாதீட்டில காசு ஒதுக்கினால் போடலாம்" என்றார் அதிகாரி.

"போன முறையும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"போன முறையும் ஒதுக்கேல்லையே தங்கச்சி. அவசரமெண்டால் தனியாரைக் கேளுங்கோ."

தனியார் கம்பனி ஆளிருக்கும் வீடுகளை எண்ணும். போதிய வீடுகள் இருந்தால்தான் தூண் நடும்.

ஒழுங்கை திரும்பும் முடக்கிலுள்ள கடைக்காரர்தான் வழி சொன்னார். "பூட்டின வீடுகளைத் திறந்து விடுவம். ஒருநாளைக்கு எல்லாரும் ஊருக்கு வந்திட்டினம் எண்டு வைப்பம்."

திறந்தோம். வௌவால் எச்சமும் அடைபட்ட வெக்கையும் முகத்தில் அடித்தன. முற்றங்களைக் கூட்டினோம். கொடிகளில் எங்கள் உடுப்புகளைத் தொங்கவிட்டோம். கடைக்காரர் தன் ஆட்டை ஒரு வளவில் கொண்டுவந்து கட்ட, அவள் சிரித்தாள். சட்டைகள் காற்றை நிரப்பிக்கொண்டு எழுந்து நின்றன. கை இருந்தது, தோள் இருந்தது, ஆள் இல்லை.

கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கொடிகளைப் பார்த்தார். ஆட்டைத் தடவினார். பிறகு சுவர் சுவராக நின்று எதையோ உற்றுப் பார்த்தார்.

"அண்ணை, உடுப்புக் காயுது. கரண்ட் மீற்றர் ஓடேல்லை."

"சிக்கனமான சனம், தம்பி" என்றார் கடைக்காரர்.

கம்பனிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மாதாமாதம் காசு கட்டிற வீடுதான் எங்கடை கம்பனிக்கு வீடு. நீங்கள் அரசாங்கத்தைக் கேளுங்கோ."

"அரசாங்கம் உங்களையெல்லோ காட்டுது" என்றாள் அவள். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

முன்பெல்லாம் இந்த ஒழுங்கைக்கு ஒரேயொரு கடிதம் என்றாலும் தபால்காரர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். எத்தனை வீடு, என்ன லாபம் என்று எவரும் கேட்டதில்லை. அப்போது நாங்கள் சனம். இப்போது ஒருவருக்குச் செலவு, மற்றவருக்கு நட்டம்.

தகப்பனைச் சுன்னாகத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டாள். கொழும்பில் அவள் எடுத்த அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். அவர் நல்ல கையால் அவளுடைய சட்டை நுனியைப் பிடித்தபடி கிடந்தாராம்.

போகிற அன்று ஓட்டோவில் ஏறியவள், தலையை வெளியே நீட்டினாள்.

"ஞாயிறிலை ஒருக்கா அப்பாவை எட்டிப் பாருங்கோ, அண்ணை."

"பாக்கிறன். நீ எங்கையெண்டு கேட்டால்?"

"கடைக்குப் போயிட்டாள், இப்ப வந்திடுவாள் எண்டு சொல்லுங்கோ."