பம்பை நின்றபோது எடுத்த படம்

டிசம்பர் 7, ஞாயிறு, மாலை 4.10. கேமராவில் 143 படங்கள். 144ஆவதை எடுத்தபோது ஒரு பெண் கீழே விழுந்தார்.

பம்பை மேளம் வாசிக்கும் குமார் என்னுடன் ஐ.டி.ஐ.யில் படித்தவன். தன் குழுவுக்கு நல்ல படம் வேண்டும் என்று மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குக் கூப்பிட்டான். திருப்பத்தூரிலிருந்து ஜீப், ஆளுக்கு எழுபது ரூபாய், ஒன்றரை மணி நேரம். வளைவுகளில் டிரைவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே ஓட்டினார். அன்றைக்குப் பயப்பட அதுவே போதும் என்று நினைத்தேன்.

குமாரின் அத்தை வீட்டில் வேண்டுதல். மழை என்பதால் எல்லாம் உள்ளறையில். ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு, சாம்பிராணிப் புகை. ஐ.எஸ்.ஓ. 12,800, ஷட்டர் 1/125. அதைவிட மெதுவாக வைத்தால் பம்பைக் கோல் வெறும் கோடாகத்தான் விழும்.

"ஃபிளாஷ் வேணாம்டா. அத்தைக்கு சாமி வரும். கண்ல வெளிச்சம் பட்டா அவ்ளோதான்," என்றான் குமார்.

ஃபிளாஷைக் கழற்றிப் பையில் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் மடத்தனம்.

அத்தைக்கு அருள் வந்து ஆடும்போது கரண்ட் போனது. கற்பூரம் மட்டும் எரிந்தது. பட்டனைப் பாதி அழுத்தினேன். இருட்டில் ஃபோகஸ் பிடிக்க கேமரா தானாக ஒரு சிவப்பு விளக்கை எரியவிடும். அது நேராக அத்தையின் கண்ணில் அடித்தது. அதிர்ந்துபோன குமாரின் கை நின்றது. பதற்றத்தில் என் விரல் பட்டனை முழுதும் அழுத்திவிட்டது. சாமி மலையேறும்வரை பம்பை நிற்கவே கூடாது. அத்தை அப்படியே பின்னால் சாய்ந்தார். தலை சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாடா அது செவப்பா? யார்றா அந்த ஆளு?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

கதவை நான்கு பேர் மறித்து நின்றார்கள்.

"கேமராவ கீழ வைய்டா. நவுராத," என்று சொல்லிவிட்டுக் குமார் மறுபடி அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அத்தை கண் திறந்தார்.

"இன்னாடா, நடுவுல நிறுத்திட்ட? சோறு பத்தலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க," என்றேன்.

"சாமி எறங்கனவளுக்கு இன்னாத்துக்கு தம்பி ஆஸ்பத்திரி? போய் சாப்புடு," என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்து படங்களைத் திருத்தினேன். 144இல் சிவப்பைக் குறைத்து, நிழலில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் ஏற்றி, மணல் மாதிரி இருந்த புள்ளிகளைத் துடைத்தேன். முகம் தெளிந்தது. அந்தக் கண்ணில் சாமி இல்லை. என்னைப் பார்த்துப் பயந்த ஒரு பெண்தான் இருந்தார்.

இன்று காலை குமார் போன் செய்தான். அத்தை இரண்டு முறை வாந்தி எடுத்தாராம், தலை சுற்றுகிறதாம். திருப்பத்தூரில் ஜீப்புக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆள் நிரம்பாமல் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. மீதி சீட்டுக்கும் நானே தருகிறேன் என்றதும் சாவியைத் திருப்பினார். இனி:

1. ஃபோகஸ் விளக்கை மெனுவில் அணைத்துவிட்டேன். இருட்டில் படம் எடுப்பவர்கள் இப்போதே அணையுங்கள்.
2. அத்தையை ஸ்கேனுக்குக் கீழே அழைத்து வருவேன்.
3. அந்தப் படத்தை அவரிடம் காட்டுவேன். அழிக்கச் சொன்னால் அங்கேயே அழிப்பேன்.
4. ஸ்கேனுக்கு வர மாட்டேன் என்று அத்தை சொன்னால் வாசலில் உட்காருவேன். ஜீப்பைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.