துணி சீட் வண்டி

கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். நான் பின் கதவைத் திறக்கச் சொல்வேன். கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து பின் சீட் எவ்வளவு உயரம் என்று அளப்பேன். இருபது அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மேற்கொண்டு பேச்சு. இல்லையென்றால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முட்டி தேய்ந்துபோன என் அப்பா, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிற ஒரே இடம் திருவள்ளூர் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் மர நாற்காலிதான். அதன் உயரம் இருபது அங்குலம்.

அப்பா என் வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் கார்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. நானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம், நெல் போடுகிற குடும்பம். அப்பாவோ கோயில் மடைப்பள்ளியில் நாற்பது வருஷம் தளிகை பண்ணியவர். அம்மா நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். கல்யாண விஷயத்தைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை, என்னைத் தலைமுழுகவும் இல்லை. "நன்னா இரு" என்றார். இன்றைக்கும் நான் போனால் அக்காரவடிசல் பண்ணிப் போடுவார். என் வீட்டுக்காரருக்கும் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தனுப்புவார். ஆனால் எங்கள் வாசலை மட்டும் மிதித்ததில்லை. "வராம எங்க போறேன்" என்பார். கூடவே ஏதாவது ஒரு காரணமும் சொல்வார்.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பீஸ் சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் காரணம் எழுத வேண்டும். காரணத்தைச் சரிபண்ணினால் பீஸ் பாஸ். பன்னிரண்டு வருஷமாக இதையே செய்து செய்து, உலகத்தில் எல்லாமே இப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது. அப்பா சொன்ன காரணங்களையும் நான் அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபண்ணப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரலாமே என்றால், "எல்லாரும் மேல வந்து விழறா. திரும்பி வந்து தலைக்கு ஜலம் விட்டுக்காம கோயிலுக்குள்ள எப்படிப் போறது" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் உற்சவ நாட்களில் மடைப்பள்ளியில் கைகொடுக்கப் போவார். சரி, வாடகைக் கார் வைக்கிறேன் என்றேன். "யார் யாரோ உக்காந்த வண்டி." அப்போது எங்களிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அதைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முட்டி முன் சீட்டில் இடிக்கும் என்றார். அது நிஜம்தான். பிறகு சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"தோலா இது?"

"ரெக்ஸின்ப்பா. வெறும் பிளாஸ்டிக்."

"தோல் மாதிரின்னு சொல்லித்தானே விக்கறான்? உக்காந்தா மனசு தோல்னுதான் சொல்லும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மான் தோல்ல உக்காந்துண்டுதானே ஜபம் பண்றா எல்லாரும்?"

"அது வேற."

"மிருதங்கம்?"

"அதுமேல யாரும் உக்கார்றதில்லையேடி" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வீடு வரைக்கும் எனக்கு ஆறவே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "பெரியவரு வரலன்னா உடேன். நாம போய்ப் பாத்துக்கினு வரலாம்" என்றார். இரண்டு நாள் அவரிடமும் பேசாமல் இருந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

ஆக, எனக்கு வேண்டிய வண்டி இப்படி இருக்க வேண்டும்: முட்டி இடிக்கக் கூடாது, அதனால் சின்ன வண்டி ஆகாது. ஏறக் காலைத் தூக்கக் கூடாது, அதனால் ஜீப் மாதிரி உயரமான வண்டி ஆகாது. மிச்சம் இருப்பது நடுத்தர செடான்தான். அதிலும் துணி சீட். ஒரே பெயரில் நாலு தலைமுறையாக வருகிற ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டேன். நாலையும் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

முதலில் புதுசு. ஷோரூமில் இருந்த பையன் கூரைக் கண்ணாடியைத் திறந்து காட்டினான், சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வருவதைக் காட்டினான். சீட் முழுக்கத் தோல். துணி சீட் இல்லையா என்றேன். அடிமட்ட மாடலில் உண்டு, ஆனால் அதை டிராவல்ஸ்காரர்கள்தான் எடுப்பார்கள் என்று பரிதாபமாகப் பார்த்தான். அதையும் வரவழைக்கச் சொல்லி அளந்தேன். புது வண்டி, யாரும் உட்கார்ந்ததில்லை, அது பெரிய விஷயம். ஆனால் அழகுக்காகப் பின்பக்கக் கூரையைச் சரித்துக் கட்டியிருந்தார்கள். சீட்டையும் பள்ளத்தில் வைத்திருந்தார்கள். அப்பா ஏறினால் குடுமி கூரையில் இடிக்கும், இறங்கினால் முட்டி கழன்றுவிடும். டேப்பைச் சுருட்டினேன்.

பழசு பார்க்கக் கவரைப்பேட்டைக்குப் போனேன். ஹைவே ஓரம் தகரக் கொட்டகை போட்டுப் பழைய வண்டி விற்கிற ஒருவர் இருந்தார். மூன்றாம் தலைமுறை வண்டியும் புதுசு மாதிரியே சரிந்த கூரை. முதல் தலைமுறையின் உயரம் அச்சாக இருபது அங்குலம். கூரை பெட்டி மாதிரி நேராக இருந்தது. எனக்கு உள்ளம் துள்ளியது. கால்மிதியைத் தூக்கினேன், தரைத் தகடு துருப்பிடித்து ரோடு தெரிந்தது.

"இன்னா மேடம் நீங்க" என்றார் கொட்டகைக்காரர். "வர்றவன்லாம் இஞ்சினப் பாக்கறான். நீங்க சீட்டுக்குக் கீழ டேப் புடிச்சுகினு கீறீங்க."

"எங்கப்பா இஞ்சின் மேல உக்கார மாட்டாருண்ணா."

அதற்கப்புறம் அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் தலைமுறை வண்டி எது வந்தாலும் போன் பண்ணுவார். உயரம் பத்தொன்பதரை, தலைக்கு இடம் உண்டு, அது பரவாயில்லை. ஆனால் இந்த ஊரில் வண்டி வாங்கிய மறுநாளே ரெக்ஸின் உறை தைத்து மாட்டிவிடுகிறார்கள், அதை எடுத்தால் கீழே துணி நைந்து கிடக்கும். எட்டு வண்டி பார்த்திருப்பேன். ஆபீசில் பக்கத்து மேஜைப் பெண் கேட்டே விட்டாள், உனக்குக் கார் வேணுமா சோபா வேணுமா என்று.

ஒன்பதாவது வண்டி ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. அந்த மனிதர் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அதை வாராவாரம் தோய்த்துப் போட்டிருக்கிறார். துண்டை எடுத்தால் சாம்பல் நிறத் துணி, கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. நான் பின் சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். திரும்ப உட்கார்ந்தேன். முதுகுக்கு இதமாக, முட்டிக்கு முன்னால் ஒரு சாண் இடம் விட்டு, அவ்வளவு வசதி. அப்பா அங்கே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது, கொட்டகைக்காரர் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டியை வாங்கிவிட்டு அப்பாவிடம் போனில் சொன்னேன். "மத்தவா வச்சிண்டிருந்த வண்டிதானே" என்று ஆரம்பித்தார்.

"துணிப்பா. ஜலம் தெளிச்சுத் தொடைச்சுட்டேன். துணிக்குத்தான் தோய்ச்சா போறுமே, நீங்களே சொல்வேளே."

போனில் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. சிவப்பு ஸ்டிக்கரில் எழுத அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரிந்தது. "சரி. ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

அந்த ஐந்து நாளும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பொன்னேரித் தச்சரிடம் சொல்லி இருபது அங்குலத்தில் ஒரு மர நாற்காலி செய்து வாங்கினேன். கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே போட்டேன். வீட்டை இரண்டு முறை கழுவிவிட்டேன். என் வீட்டுக்காரர், "மாமா வர்றாரா, மந்திரி வர்றாரா" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே ஒட்டடை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேஷ்டியும் உத்தரீயமுமாக வாசலில் தயாராக நின்றார். கையில் மூடி போட்ட வெள்ளிச் சொம்பு. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, எங்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதில்லை. போகட்டும், உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் சீட்டைத் தடவிப் பார்த்து, உட்கார்ந்து, காலை உள்ளே வைத்தார். முட்டி இடிக்கவில்லை. குடுமி இடிக்கவில்லை.

"பேஷா இருக்கே" என்றார்.

ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரம் வந்தபோது கண்ணாடியை இறக்கச் சொன்னார். "இங்க கார் ரேஸ் விடுவா. ஒருதரம் மத்தியான தளிகையை முடிச்சுட்டு யாருக்கும் சொல்லாம வந்து பாத்தேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது." என் அப்பாவுக்குக் கார் பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் எங்கே வைத்திருந்தார் அதையெல்லாம்? வழி நெடுக இப்படியே பேசிக்கொண்டு வந்தார். வழி இன்னும் கொஞ்சம் நீண்டாலும் தேவலை என்றிருந்தது.

எங்கள் வாசலில் கோலத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தேன்.

அப்பா இறங்கவில்லை.

வீட்டைப் பார்த்தார். ஓரமாக நின்ற தென்னை இரண்டையும் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்து நாற்காலியும் தெரிந்திருக்கும். "நன்னா கட்டியிருக்கேள்" என்றார்.

"வாங்கோப்பா, உள்ள போலாம்."

"இங்கயே சௌகரியமா இருக்கும்மா. காத்து வரது. சித்த இப்படியே உக்காந்துக்கறேன். நீ போய்க் காரியத்தைப் பாரு."

"உள்ள ஃபேன் போட்டிருக்கேன்."

"இந்த சீட் முதுகுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமோ" என்று சாய்ந்துகொண்டார். பொய் சொல்லவில்லை. எட்டு வண்டியைத் தள்ளிவிட்டு, அளந்து, உட்கார்ந்து பார்த்து, நான்தானே தேடிக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் என்ன, நாள் பூராவும் அதில் உட்காரலாம். கத்தியிருப்பேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் காத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்க் குலையிலிருந்து ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்தார். "மாமா, நம்ம மரத்துது. இப்பதான் எறக்கனேன். இதுக்கு இன்னா தீட்டு கீது, குடிங்க."

அப்பா சிரித்துவிட்டார். "இதுக்குத் தோஷமில்லை" என்று கை நீட்டினார். அப்பா எதையும் உதட்டில் வைத்துக் குடிக்க மாட்டார், தூக்கித்தான் ஊற்றிக்கொள்வார். காயை வாய்க்கு நேரே உயர்த்தியவர் சட்டென்று நிறுத்தினார். "துணி சீட்டாச்சே. இளநீர்க் கறை பட்டா போகாது" என்றார். சொம்பை சீட்டில் வைத்தார். உடம்பைக் கதவுப் பக்கம் திருப்பி, வெளியே சாய்ந்து, சமாளிப்பதற்காக இடது காலைக் கீழே ஊன்றினார்.

எங்கள் வாசலில், கோலத்தின் ஓரத்தில், அப்பாவின் கால். வீட்டுக்கு வருகிறவர்கள் வலது காலை வைத்து வர வேண்டும் என்பார்கள். எனக்கு இடது கால்தான் கிடைத்தது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்த குதிகால், நகத்தில் அடுப்புச் சூடு பட்ட பழைய கறுப்பு. இளநீர் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். குடித்து முடித்து, உத்தரீயத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்பா காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"இனிப்பா இருக்கு. நல்ல மண்" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

நான் மறுபக்கம் போய்ப் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். அப்பா ஊர்க் கதை பேசினார், நான் ஊம் கொட்டினேன். திருவள்ளூர் திரும்பும்போது கேட்டே விட்டேன், "வண்டியில ஏதாவது குறை இருக்காப்பா?"

"ஒரு குறையும் இல்லை" என்றார். "நன்னா பாத்து வாங்கியிருக்கே." பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மர நாற்காலி இன்னும் விசிறிக்குக் கீழேதான் இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை நான்.

போன வாரம் கொட்டகைக்காரர் போன் பண்ணினார். "மேடம், சூப்பரா ஒரு வண்டி வந்துக்கீது. துணி சீட்டு, சும்மா மெத்த மாதிரி. உங்க வண்டியக் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

"மோசமான சீட்டா ஒண்ணு இருக்காண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், காலைலயே கலாய்க்கிறீங்க?"

நான் கலாய்க்கவில்லை. திருவள்ளூரிலிருந்து பொன்னேரி வரைக்கும் தாங்கினால் போதும். வாசலில் நிறுத்தியதும் முதுகு பிடித்துக்கொண்டு, அப்பாடா என்று இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் ஆச்சு என்றிருக்க வேண்டும். அப்படி ஒரு வண்டி வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.