தைலம் ஊற்றிய கை

வண்டிப்பெரியார் பாலம் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினால், ஆற்றைப் பார்த்தபடி நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம் நிற்கும். அது என்னுடையது. நான் வாங்கும்போது அது யாரும் சீந்தாத வழுக்குப் பாறை. மழை பெய்தால் மேலே உள்ள சேறெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதை வெட்டி, கல் அடுக்கி, சுவர் எழுப்பியவன் நான். அந்தப் பாறையில் கிணறு தோண்டினால் தண்ணீர் வராது என்றார்கள், வந்தது. மெழுகைக் காய்ச்சி வாசனை ஏற்றி விற்று ஒருத்தன் பிழைப்பானா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்தார்கள். இன்று என் பட்டறைப் பெண்களை ஏற்றி இறக்க ஒரு வேன் ஓடுகிறது. குமுளியில் ஏதாவது ஒரு விடுதியில் அறைக் கதவைத் திறந்ததும் உங்கள் வாயில் "அடடா" என்று வந்தால், அந்த அடடா என்னுடையது. இரண்டு தடவை வெள்ளம் உள்ளே புகுந்தது, ஒரு தடவை தீப்பிடித்தது. ஒவ்வொரு தடவையும் மறுநாளே அடுப்பு மூட்டினேன். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவன் செய்த வேலை இது. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் என் மகன் புதிதாக ஒரு அட்டைப்பெட்டி அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினான். பெட்டியின் பின்பக்கம் எங்கள் மெழுகின் கதை. வாசனையை மெழுகில் நிறுத்தும் வித்தையை என் சித்தப்பா கண்டுபிடித்தார் என்று அதில் போட்டிருக்கிறது. சித்தப்பா தங்கமான மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வித்தை நடந்த நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் அவர் இல்லை. நான் இருந்தேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்கு ஃபாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையால் தொடமாட்டேன் என்று எஸ்டேட் வேலையை உதறிவிட்டுப் போனவர். மலைச்சரிவில் இஞ்சிப்புல் அறுத்துப் புல்தைலம் காய்ச்சுகிறவர்களோடு இரண்டு வருஷம் இருந்தார். பிறகு மெழுகுவத்திப் பட்டறை ஒன்றில் கொஞ்ச காலம். அந்த மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது தோளில் ஒரு கோணி மெழுகும், கையில் தைலப் புட்டிகளும், தலை நிறைய யோசனையும் இருந்தன.

எங்கள் மலையில் ஆடி மழை பிடித்தால் எல்லாமே பூஞ்சணம் பூத்துப்போகும். கம்பளி பூக்கும், செருப்பு பூக்கும், என் சிலேட்டுச் சட்டம்கூடப் பூக்கும். மேனேஜர் பங்களா மட்டும் தப்புமா? மேனேஜரின் மனைவியை நாங்கள் துரைசாணி என்போம். ஓணத்துக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள், அறையெல்லாம் நனைந்த நாய் மாதிரி நாறுகிறது என்று அந்த அம்மா சலித்துக்கொண்டது சித்தப்பாவின் காதில் விழுந்தது. உடனே போய் நின்றுவிட்டார். மெழுகில் தைலத்தை ஏற்றி வில்லையாகச் செய்து தருகிறேன், விளக்குக்கு மேலே ஒரு தகரத் தட்டில் வைத்தால் உருகும், ஒரு தடவை உருகினால் மூன்று நாள் அறை மணக்கும் என்றார். கொண்டுவா பார்க்கலாம் என்றார் துரைசாணி.

இன்னொரு பக்கம் கண்டக்டர் நெருக்கிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டக்டர். லயத்தில் படுக்க வேண்டுமானால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். அவர் வாசலில் வந்து நின்று சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒண்ணாந்தேதி ஆபீசுக்கு வந்து பேரைப் பதி. இல்லையா, கோணியத் தூக்கிட்டு எறங்கு."

ஆக, மெழுகு மணந்தால் சித்தப்பாவுக்குத் தன் தொழில். மணக்காவிட்டால் கவ்வாத்துக் கத்தி.

மெழுகு மணந்தது. எப்போது என்றால், அடுப்பில் கொதிக்கும்போது மட்டும். தைலம் காய்ச்சுகிற இடத்தில் நன்றாகக் கொதித்தால்தான் வாசனை இறங்கும் என்று பழகிய கை அவருடையது. அதே கணக்கில் மெழுகையும் தளதளவென்று கொதிக்க விட்டு அதில் தைலத்தைக் கவிழ்ப்பார். லயம் முழுக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மூச்சை இழுக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, ஒம்ம புண்ணியத்துல எங்க ஊட்டுப் பீடிப் பொக கூட மணக்குய்யா" என்பாள். அம்மாவின் பணியாரச் சட்டிதான் அச்சு. மறுநாள் குழியிலிருந்து வில்லையை எடுத்து உருக்கினால், அணைந்த மெழுகுவத்தி நாற்றம். தைலத்தை இன்னும் கூட்டினார். வில்லை வேர்த்து வழிந்ததே தவிர மணக்கவில்லை. அந்த வருஷம் நாங்கள் பணியாரம் தின்னவே இல்லை. சட்டி மட்டும் மணந்தது.

மூன்றாவது தடவைக்கு ஒரே ஒரு புட்டிதான் மீதி. மெழுகு அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். புட்டியை என் கையில் கொடுத்தார்.

"ஏலே, தளதளன்னு கொதி வரும்போது முழுசாக் கவுத்துரு. வேற எங்கயாச்சும் ஓடுன, தோல உரிச்சிருவேன்."

அப்படியே நின்றிருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்து லயத்து வளைவில் ஒரு லாரி சேற்றில் இறங்கிவிட்டது. ஜீப்பை வைத்து இழுக்கிறார்கள், கயிறு அறுந்து போகிறது, டிரைவர் நாலு பாஷையில் திட்டுகிறான். ஒன்பது வயதில் இதைவிட்டு ஒருத்தன் அடுப்படியில் நிற்பானா? புட்டியோடு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அடுப்பில் சோற்றுப்பானை இருந்தது. மெழுகுச் சட்டி கீழே, சுவரோரம் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் ஷிப்டுக்குச் சோறு ஆக வேண்டுமே, ஒரே அடுப்பு. அம்மா அங்கே இல்லை, குழாயடிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மெழுகு கொதி அடங்கிக் கிடந்தது. சட்டியின் ஓரத்தில் பால் ஆடை மாதிரி வெள்ளை கட்ட ஆரம்பித்திருந்தது. என் முதுகுத் தோல் நினைவுக்கு வந்தது. புட்டியை அப்படியே கவிழ்த்து, குச்சியால் கலக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா வந்தார். மூக்கை உறிஞ்சினார். "ஊத்துனியாலே?"

"ஊத்துனேன்."

"முழுக்கவா?"

"முழுக்க."

பொய் இல்லை. ஆனால் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "என்ன தம்பி, இன்னைக்கு வெறுந்தண்ணியா காயுது?" என்றாள். சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. தைலம் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினார். வில்லைகளை ஊற்றியதோடு சரி, உருக்கிக்கூடப் பார்க்கவில்லை. "அடுப்புல போடுங்க மதினி" என்றார்.

"ஈர வெறகுக்கு ஆகும், எடுத்து வைக்கேன்" என்றாள் அம்மா. எலி தின்னாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான்: உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி. எங்கள் உலர்ந்த துணியெல்லாம் அதற்குள்தான். வில்லைகளை ஒரு காகிதத்தில் சுற்றி அதன் அடியில் போட்டு மூடினாள்.

பதினைந்து நாள் போனது. ஒன்றாம் தேதி காலை. சித்தப்பா ஆபீசுக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தார். தூக்குக்குப் போகிறவன் மாதிரி மெதுவாக வாரினார். அப்பா மட்டும் முன்னாடியே வேலைக்குப் போயிருந்தார். கொடியில் கிடந்த சட்டை காயவில்லை என்று அம்மா பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

போன அப்பா அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். பின்னால் லயத்துப் பிள்ளைகள் ஊர்வலம்.

நடந்தது இதுதான். தேயிலைத் தூள் பக்கத்தில் எது மணந்தாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஃபாக்டரிக்குள் பூ வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது. அப்பா வாசலில் கால் வைத்ததும், உள்ளே எங்கோ இருந்த டீமேக்கர், அவர் மலையாளி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எந்தாடோ இது? கல்யாணத்துக்குப் போறியோ, வேலைக்கு வந்தியோ?"

"சோப்புகூடப் போடல சாரே, சத்தியமா."

"போ, போ. ஒரு பெட்டியில இந்த மணம் ஏறினா எல்லாம் போச்சு. இது போனப்புறம் வந்தா மதி, போதும்."

அப்பா சட்டையைக் கழற்றி வாய்க்காலில் அலசியிருக்கிறார். பிழிந்து மறுபடி அலசியிருக்கிறார். மழை வேறு அலசியிருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் அதைச் சுருட்டிச் சித்தப்பாவின் முகத்தில் எறிந்தார். "ஏலே, இந்தா ஒன் மெழுகு. ஒனக்கு வேல வேண்டாம்னா எனக்குமா வேண்டாம்?"

சித்தப்பா சட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே நின்று மூச்சை இழுத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்? ஒரே ஒரு வில்லையை அரிக்கேன் விளக்கின் தலையில் தகர மூடி வைத்து உருக்கினார். அந்த வரிசையில் அத்தனை கதவும் திறந்தது. ஆபீசுக்கு வாரிய தலையோடு பங்களாவுக்கு ஓடினார். மூன்றாம் நாளும் அறை மணக்கிறது என்று துரைசாணி அத்தனை அறைக்கும் வில்லை கேட்டார். ஓணத்துக்கு முன்னால் வர வேண்டும். அதைக் கேட்ட கண்டக்டர், ஓணம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இன்று தேயிலை மூட்டை சுமந்துகொண்டிருப்பேன். சித்தப்பா என்ன நினைத்தார் தெரியுமா? பெட்டிக்குள் பதினைந்து நாள் ஊறியதுதான் வித்தை என்று நினைத்தார். புதுத் தைலம் வந்தது. மறுபடி தளதளவென்று கொதிக்க விட்டு ஊற்றினார். லயமே மணந்தது. அன்றைக்கு இப்படி மணக்கவில்லையே! சொல்லலாமா என்று பார்த்தேன். முதுகு வேண்டாம் என்றது. பதினைந்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தார். அணைந்த மெழுகுவத்தி.

ஓணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை காய்ச்சத் தைலம் இருந்தது. சித்தப்பா வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திட்டவில்லை.

"சித்தப்பா, அன்னைக்கு நான் கொதிக்கையில ஊத்தல. லாரி பாக்கப் போயிட்டேன். எறக்கி வச்ச பெறவுதான் ஊத்துனேன்."

கை ஓங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், ஓங்கிய கை அப்படியே நிற்க, அவர் யோசித்துக்கொண்டிருந்தார். "எறக்கி எம்புட்டு நேரங்கழிச்சு? மெழுகு எப்டி இருந்துச்சு? ஆறிருந்துச்சா, சுட்டுச்சா? சொல்லுலே!"

நான் பதில் சொல்வதற்குள், அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, திரும்பாமலே சொன்னாள்.

"ஓரத்துல வெள்ள கட்டி, நடுவுல கண்ணாடியா நிக்கும்போது, தம்பி."

அப்படியே செய்தார். அடுப்பிலிருந்து இறக்கி, ஓரம் வெளுக்கும்வரை காத்திருந்து, புட்டியை என் கையிலேயே கொடுத்தார். நான் ஊற்றினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கொதியில் பறந்துபோகிற வாசனை இப்போது மெழுகுக்குள்ளேயே நின்றது தெரியாமல், பக்கத்து வீட்டு அக்கா இரங்கல் சொல்லவே வந்துவிட்டாள். ஒரு வாரம் தேயிலைப் பெட்டியில் கிடந்தது. ஓணத்துக்கு வந்த விருந்தாளிகள் போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் கேட்டு வாங்கிப்போனார்கள். சித்தப்பாவின் பேர் செக்ரோலில் ஏறவே இல்லை. பங்களாவில் கிடைத்த சிபாரிசுச் சீட்டைக் காட்டி வண்டிப்பெரியாரில் ஒரு கொட்டகை பிடித்தார். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அவரோடு போனேன். மீதியெல்லாம் நான் கட்டியது.

அன்று எனக்கு அடி விழாத சந்தோஷம் ஒன்றுதான் தெரிந்தது. எத்தனையோ வருஷம் கழித்து, பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு, "ஓரத்துல வெள்ள கட்டி, நடுவுல கண்ணாடியா நிக்கும்போது ஊத்து தாயி" என்று சொல்லிக்கொடுத்தேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லையே. சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

குழாயடிக்குப் போயிருக்கவில்லை அவள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். லாரிக்கு ஓடியதையும், திரும்பி வந்து திருட்டுத்தனமாக ஊற்றியதையும், "ஊத்துனேன்" என்று அழுத்தமாகச் சொன்னதையும். தெரிந்தும் ஒரு புட்டித் தைலம் வீணாகப் போகவிட்டு, நானாக வாயைத் திறக்கும்வரை அரிசி களைந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்கலாம் என்றால் அவள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அதனால், மகனே, அந்த அட்டைப்பெட்டியை மாற்று. சித்தப்பா பேரை எடுக்கச் சொல்லவில்லை. மெழுகு வாங்கி வந்தவர் அவர். சட்டியை இறக்கியவள், ஓரம் வெளுத்ததைக் கண்டவள் உன் அப்பத்தா, அதையும் போடு. ஆனால் ஊற்றிய கை இது. ஒப்புக்கொண்ட வாயும் இதுதான். அதை முதல் வரியில் போடு. எழுத்தும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.