ஆளில்லாத கார் பேசியது

இரண்டு வருடங்களுக்கு முன், ஹனோவரில் எனக்கு அதுதான் முதல் குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வயிற்றில் ஏழு மாதம். கணவர் வேலைக்குப் போனபின் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மெல்லிய பருத்திச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. ஒரு நொடி வேலைதானே என்ற நினைப்பு. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இங்கே கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்; வெளியிலிருந்து திறப்பு, அதுதான் சாவி, இல்லாமல் திறக்க முடியாது. திறப்பும் கைபேசியும் உள்ளே கிடந்தன.

அக்கம்பக்கத்து மணிகளை அடித்துப் பார்த்தேன். வேலை நாள், ஒருவரும் இல்லை. நிலமெல்லாம் பனிக்கட்டி. வழுக்கி விழுந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நடக்கவும் பயம். பக்கத்து வீட்டுக்காரரின் கார் நிற்கும் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். அவர் ஒரு ஜெர்மன்காரர். காலையில் ஒரு 'ஹலோ', அதோடு சரி. உம்மணாமூஞ்சி என்று நான் அவருக்குப் பெயரே வைத்திருந்தேன். அவரும் வேலை விஷயமாக பெர்லினுக்குப் போயிருந்தார். கால் விறைத்து, நிற்க முடியாமல் அவருடைய மின்சாரக் காரில் சாய்ந்தேன்.

உடனே காரின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. கார் திருட வந்தவள் என்று போலீஸ் பிடிக்கப் போகிறது, பாடுபட்டு எடுத்த விசாவும் போகப் போகிறது என்று நடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். சற்று நேரத்தில் கதவுப் பூட்டு 'டக்' என்று தானாகத் திறந்தது. ஹீட்டர் இரைய ஆரம்பித்தது. உள்ளே ஓர் ஆளும் இல்லை. பேய் பிடித்த வீடு கேள்விப்பட்டிருக்கிறேன், பேய் பிடித்த காரை அன்றுதான் பார்த்தேன். போதாததற்கு அது ஜெர்மன் மொழியில் பேசவும் தொடங்கியது.

ஓடலாம் என்றால் வெளியே பனிக்கட்டி. ஓர் ஆண் குரல் ஆறுதலாக, திரும்பத் திரும்ப ஏதோ சொன்னது. நான் வகுப்பில் படித்திருந்த ஜெர்மனுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: தயவுசெய்து, சூடு. பிறகுதான் உறைத்தது, அது காலையில் 'ஹலோ' சொல்லும் அதே குரல். ஏறி உட்கார்ந்தேன். என்ஜின் சூடாகும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஹீட்டர் அது; கொஞ்ச நேரத்திலேயே உள்ளே கதகதப்பாகிவிட்டது. பிள்ளை ஓர் உதை உதைத்தது. அப்போது ஓவென்று அழுதேன்.

அந்த மனிதரே கணவரின் கைபேசிக்குச் செய்தி சொல்ல, அவர் பதறியடித்து ஓடிவந்தார். "இஞ்சரும், உமக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார். நடந்ததை அவர்தான் எனக்கு விளக்கினார். காரில் யாராவது கைவைத்தால் அதிலுள்ள கமரா படத்தைப் பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசிக்கு அனுப்பிவிடுமாம். பெர்லினில் இருந்தபடியே கைபேசியால் கதவைத் திறந்து, ஹீட்டரையும் போட்டு, காரின் ஒலிபெருக்கி வழியாகப் பேசியும் இருக்கிறார்.

அவர் திரும்பி வந்ததும் எங்கள் ஊர்ப் பலகாரமான ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு நன்றி சொல்லப் போனோம். அவர் சொன்னதைக் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"முதல்ல போலீசுக்கு ஃபோன் அடிக்கத்தான் வெளிக்கிட்டவராம். பிறகு படத்தைத் திரும்பப் பாத்தால், நீர் ரெண்டு கையாலயும் வயித்தைப் பொத்திக்கொண்டு நிண்டனீராம்."

நான் அப்படி நின்றது எனக்கே நினைவில்லை. இன்று என் மகள் வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி மனம் அவசரமாக முடிவுகட்டப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்த ஒரு கணத்தை நினைத்து, நானும் இன்னொரு தடவை பார்க்கிறேன்.