பொறுக்கத் தெரியாத மனுசன்

என்ரை மனுசனுக்கு ஒண்டு உடைஞ்சால் உடனை ஒட்டவேணும். பசை காயுமட்டும் பொறுக்கிற குணத்தை மட்டும் கடவுள் அவருக்குக் குடுக்கேல்லை.

கலியாணம் கட்டி இரண்டு வருசத்திலை மகள் ஒரு பெட்டியோடை பாரிசிலை, மார்க்ஸ் டோர்மோயிலை இருக்கிற எங்கடை வீட்டு வாசலிலை வந்து நிண்டாள். "அவரோடை சண்டை. ஒண்டும் கேக்காதேங்கோ அம்மா." நான் கேக்கேல்லை. புட்டவிச்சுக் குடுத்தன். பின்னேரங்களிலை அறைக்கதவைச் சாத்திப்போட்டு மருமகனோடை போனிலை மெல்லக் கதைப்பாள். ஒருநாள் சிரிப்பும் கேட்டுது.

"இஞ்சருங்கோ, அதுகள் தாங்களாய்க் கதைக்குதுகள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ," எண்டு மனுசனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பன்! "ஓம், ஓம்" எண்டுபோட்டு லண்டனிலை இருக்கிற தமையனுக்குப் போன் அடிச்சார். தமையன் கனடாவிலை இருக்கிற சொந்தக்காரருக்கு அடிச்சார். கனடா, இஞ்சை இருக்கிற சம்பந்தி வீட்டுக்கு அடிச்சுது. லா சப்பல் தமிழ்க்கடையளுக்கு மீன் வாங்கப் போன என்னை, முன்பின் தெரியாத ஒருத்தி மறிச்சு, "அக்கா, மகளின்ரை விசயம் சரிவந்திட்டுதோ?" எண்டு கேக்கிறாள். எனக்கு வந்த விசர்!

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆக்கள் கூடிக் கதைக்கிறதாம். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. தேத்தண்ணி போட மட்டும் நான் வேணும். சம்பந்தி ஆக்கள் இரண்டு கார் நிறைய வந்திச்சினம். தமையன் வீடியோவிலை. நடுவிலை மகளும் மருமகனும், களவெடுத்துப் பிடிபட்டதுகள் மாதிரி. "ஆரிலை பிழை?" எண்டு சம்பந்தி தொடங்கினார்.

மகள் எழும்பினாள். "நாளைக்கு நானாய் அவரட்டைத் திரும்பிப் போக இருந்தனான், அப்பா," எண்டு பிரெஞ்சிலை சொல்லிப்போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார்செலிலை ஒரு சிநேகிதி வீட்டை போயிட்டாள்.

அடுத்தநாள் காலமை மனுசன் சப்பாத்தோடை நிக்கிறார். "சார்செலுக்குப் போய் ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்."

"ஐயோ கடவுளே! கழட்டுங்கோ சப்பாத்தை!"

கழட்டினார். அடுத்தநாளும் போட்டார். திரும்பவும் கத்தினன். இப்பிடியே கிழமைக்கணக்காய் இழுபட்டுது. வரவர மனுசன் சாப்பாட்டையும் குறைச்சுப்போட்டார்.

பிறகு ஒருநாள் மகள் போன் எடுத்தாள். பின்னாலை மருமகன் உப்பு எங்கையெண்டு கேக்கிறது கேட்டுது. "அம்மா, நான் எங்கடை வீட்டை வந்திட்டன். நல்லாயிருக்கிறம்."

எனக்குக் கண் கலங்கிட்டுது. "அப்பாட்டைக் குடுக்கட்டோ?"

"வேண்டாம் அம்மா. இப்ப அவருக்குச் சொல்லாதேங்கோ."

மனுசன் குசினி வாசலிலை வந்து நிக்கிறார், காலிலை சப்பாத்து.

"ஆரப்பா போனிலை? பிள்ளையோ?"

"இல்லை," எண்டன். "மீன்கடைக்காரர்."